பிரிண்டரில் வந்த முதல் தாள்

கானா நாட்டின் குமாசி நகரில் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகம். விண்டோஸ், மேக், லினக்ஸ் என்று ஆளுக்கொரு ரகக் கம்ப்யூட்டர். எதிலிருந்து, எங்கிருந்து அனுப்பினாலும் ஒரே பிரிண்டரில் வரும்படி இணையம் வழியாக இணைத்துக் கொடுக்கப் போயிருந்தேன்.

வேலை முடிந்ததும் முதல் தாள் வந்தது. எடுத்துப் பார்த்த கேஷியர் போவாட்டேமா அலறினாள்.

மரண அறிவிப்பு. படத்தில் சிரித்தவர், எதிரே உயிரோடு உட்கார்ந்திருந்த மேனேஜர் அம்போன்சா.

போவாட்டேமா கடைசி மேஜைக்காரனிடம் பாய்ந்தாள். "குவார்டெங், உன் வேலைதானே? பிரமோஷன் தரலைன்னு சாருக்குச் சாவு வரணும்னு வேண்டுறியா?"

"சத்தியமா நான் இல்லக்கா!" அவன் எழுந்து நின்றான்.

யாரும் நம்பவில்லை. பிரிண்டரைத் தொடவே பயந்தார்கள்.

அம்போன்சா தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "விடுங்கம்மா. போய்ச் சாப்பிடுங்க."

எல்லோரும் கென்கே வாங்கப் போனதும் என்னிடம் வந்தார்.

"தம்பி, யார் அனுப்பினாங்கன்னு இதுல தெரியுமா?"

"தெரியும் சார். பாத்துட்டேன்."

"அழிச்சிடு."

"அழிச்சா பழி குவார்டெங் மேலயே நிக்கும் சார்."

அவர் மெதுவாக உட்கார்ந்தார்.

"வீட்டுப் பிரிண்டருக்குன்னு நெனச்சு என் போன்ல அழுத்திட்டேன்பா. டாக்டர் மூணு மாசம்னு சொல்லிட்டார். பொண்டாட்டிக்கு இன்னும் தெரியாது. அவ அழுதுக்கிட்டே எழுத வேண்டாம்னுதான் நானே எழுதி வச்சேன்."

கதவு திறந்தது. பொட்டலத்தோடு குவார்டெங் தனியாகத் திரும்பி வந்தான். அம்போன்சா எழுந்தார்.

"இங்க வா குவார்டெங். உன்கிட்டதான் முதல்ல சொல்லணும்."