பெட்டிக்கு இரண்டு பல்

ஜப்பானிலிருந்து வந்த வீடியோ கேம் கேசட்டுக்கு இருப்புக் கொள்ளவில்லை. முட்டி முட்டிப் பார்த்தும் அமெரிக்க கேம் பெட்டிக்குள் இறங்க முடியவில்லை. பெட்டியின் வாயில் இருந்த இரண்டு பிளாஸ்டிக் பற்கள் மறித்தன.

“வெளிநாட்டுக் கேசட் நுழையக் கூடாதுன்னுதான் எனக்கு இந்தப் பல்லே,” என்றது பெட்டி.

“உள்ளே எல்லாம் ஒரே வயரிங்தானே! இது என்ன அநியாயம்?” என்று கேசட் குதித்தது.

பக்கத்தில் கிடந்த கட்டிங் பிளேயருக்கு மனசு கேட்கவில்லை. இரண்டு பல்லையும் நறுக்கிப் போட்டது. கேசட் ஜம்மென்று உள்ளே இறங்க, டிவியில் பாட்டு கிளம்பியது.

அதற்குள் மேசைக்கு இன்னொரு ஜப்பான் கேசட் வந்து சேர்ந்தது. “அண்ணே, அடுத்து நான் வரலாமா?”

உள்ளே இருந்த கேசட்டுக்கு மறுபடியும் இருப்புக் கொள்ளவில்லை. கட்டிங் பிளேயரை அவசரமாகக் கூப்பிட்டது.

“அந்தப் பல்லு ரெண்டையும் தூக்கிப் போட்டுடலியே? பசை ஏதாச்சும் இருக்கா?”