தெத்துப்பல் சிட்டு

குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரையும் ஞானசிகாமணிக்குப் பெயர் வாங்கித் தந்தவள், தெத்துப்பல் தெரியச் சிரிக்கும் சிட்டு என்ற சித்திரச் சிறுமி. புத்தகக் கடையில் அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு பெண் வாயைக் கையால் மறைத்தபடி வந்து நின்றாள்.

“அங்கிள், நான் முன்னாடி உங்க பக்கத்து வீட்டுல இருந்த மேகலா. என்னைப் பாத்துத்தானே சிட்டுவ வரைஞ்சீங்க?”

“அட, நீயா! ஆமாம்மா!” என்று மகிழ்ந்துபோனார்.

“ஸ்கூல் முடியறவரைக்கும் அந்தப் பேரச் சொல்லியே கிண்டல் பண்ணாங்க. இன்னைக்கும் எனக்கு வாய்விட்டுச் சிரிக்க வரல.”

அவருக்கு முகம் வாடிவிட்டது. “உங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். இனிமே அவள வரையமாட்டேன்மா.”

“ஐயோ, வேணாம். என் பொண்ணுக்குச் சிட்டுன்னா உசுரு,” என்று புத்தகத்தை நீட்டினாள். “அது நான்தான்னு இன்னும் அவகிட்ட சொல்லல.”

அவர் முதல் பக்கத்தைத் திறந்தார்.

“குழந்தை பேர் என்னம்மா?”