சேவ் கிடையாது

மெமரி கார்டை லேப்டாப்பில் குத்தினான்.

செருகினான் என்று சொல்ல முடியாது. குத்தினான்.

ஆயிரக்கணக்கான பழைய விளையாட்டுகளை அந்தக் கார்டு தாங்கும். காரோட்டலாம், சுடலாம், மீன் பிடிக்கலாம். நண்பன் மொத்தமாக ஒரு ஃபோல்டரே அனுப்பியிருந்தான்.

அவன் ஒன்றே ஒன்றைத்தான் காப்பி செய்தான்.

குடைக்காரன். குடையை விரித்துக்கொண்டு குழி குழியாகத் தாண்டிப் போகும் குட்டி மனிதன்.

கட்டிலில் அப்பா. வலது கை மடியில் கிடந்தது. கொஞ்சம் வைத்திருங்கள் என்று யாரோ கொடுத்துவிட்டு, எடுக்காமல் இறங்கிப்போன பை மாதிரி.

ரிட்டயர் ஆகும்வரை டவுன் பஸ் கண்டக்டர். திரும்பிப் பார்க்காமலே டிக்கெட் கிழித்த கட்டைவிரல் அது. பக்கவாதம் வந்ததிலிருந்து மடங்க மறுக்கிறது.

பயிற்சி கொடுக்க வரும் ஜெசிந்தா ரப்பர் பந்தைக் கொடுத்தால், அப்பா அதை இடது கையால் எடுத்து அவளிடமே திருப்பித் தந்துவிடுவார். மீதிச் சில்லறை போல.

"கட்டைவிரல் அசைஞ்சாத்தான் இந்தக் கையைக் காப்பாத்த முடியும். பட்டன் வச்ச கேம் ஏதாச்சும் குடுத்துப் பாருங்க" என்றாள் ஜெசிந்தா.

அம்மா அவனைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்தான்.

கேம் என்ற சொல் அந்த வீட்டில் ஒலித்து ஆறு வருடம் ஆகியிருந்தது.

அது கடைசியாக ஒலித்த அன்றைக்கு அவன் மொட்டை மாடியில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தான். அதாவது, புத்தகத்துக்குள் கேம் கருவி இருந்தது. திருவிழாக் கடையில் வாங்கிய மலிவுச் சரக்கு. அதிலும் இதே குடைக்காரன்தான். சேவ் கிடையாது. நிறுத்தினால் முதலிலிருந்து.

மத்தியானம் முழுக்க ஆடிப் பெரிய குழியின் விளிம்புக்கு வந்திருந்தான். அதுவரை அவ்வளவு தூரம் போனதில்லை.

பின்னால் அப்பா.

"ஒரே நிமிஷம்ப்பா."

தரவில்லை. பிடுங்கினார். வீசினார்.

எறிபொருளின் இயக்கம் பற்றிப் பாடத்தில் இருந்தது. நேரில் அன்றைக்குத்தான் பார்த்தான். நேராக எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. அப்பாவுக்கு அப்போது நல்ல கை.

எடுத்துத் துடைத்து அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தான். அரிசி தீர்ந்தது. அதற்கு உயிர் வரவில்லை.

லேப்டாப் கிளிங் என்றது. காப்பி முடிந்தது.

கார்டைப் புதுக் கருவியில் போட்டான். இதில் எந்த இடத்திலும் சேவ் செய்துகொள்ளலாம். விழுந்தால், விழுந்த இடத்திலிருந்தே எழலாம். என்ன ஒரு கருணை.

செட்டிங்கிற்குள் போய் அந்தக் கருணையை அணைத்தான்.

"இந்தாங்க" என்றான்.

அப்பா ஆடினார். முதல் குழியிலேயே விழுந்தார். முதலிலிருந்து. மறுபடி விழுந்தார். முதலிலிருந்து.

அவன் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தான். டிக்கெட் எடுத்தே பார்த்திருப்பான்.

"பாவம்டா, லேசா ஏதாச்சும் போட்டுக் குடேன்" என்றாள் அம்மா.

"இதுதாம்மா இருக்கிறதிலேயே லேசு."

அப்பா விழுந்துகொண்டே இருந்தார். அந்த வாரம் விழுந்தார். அடுத்த வாரமும் விழுந்தார்.

அதற்கடுத்த வாரம் ஜெசிந்தா விரலைப் பிடித்துப் பார்த்தாள். லேசாக மடங்கியது.

"யாரு இந்த கேமைப் போட்டது? தம்பியா? சூப்பர் தம்பி. திரும்பத் திரும்ப முதல்லேருந்து ஆட வச்சீங்க பாருங்க, அதான் விரலு வேலை செய்யுது."

பழிவாங்கியதற்குப் பாராட்டு கிடைத்தால் மனிதன் எங்கே போய் முறையிடுவது?

இன்று காலையில் உட்கார்ந்தவர் இன்னும் விழவில்லை.

ஒரு குழி. அடுத்தது. அடுத்தது. சோறு ஆறிக்கொண்டிருந்தது. அம்மா கூப்பிடக்கூட பயந்து கதவருகே நின்றாள். குடைக்காரன் பெரிய குழியின் விளிம்புக்கு வந்துவிட்டான்.

கருவியின் ஓரத்தில் சிவப்பு விளக்கு மினுக்கத் தொடங்கியது. பேட்டரி.

சார்ஜர் அவன் சட்டைப் பையில்தான் இருந்தது. காலையிலேயே எடுத்து வைத்துக்கொண்டான்.

அணையட்டும்.

அப்பா நிமிர்ந்து பார்ப்பார். ஒரே நிமிஷம்டா என்பார். அதற்கு ஒரு பதில் அவனிடம் ஆறு வருடமாகத் தயாராக இருந்தது. ஒரு எழுத்துக்கூட மாற்ற வேண்டியதில்லை.

காத்திருந்தான்.

அப்பா நிமிரவில்லை. கட்டைவிரலைப் பட்டனுக்கு மேலே நிறுத்தி வைத்திருந்தார். வாய் இன்னும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டுதான் இருந்தது. வார்த்தைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

"அன்னைக்கி… நீ… எது வரைக்கும்டா போயிருந்த?"

குடைக்காரன் விளிம்பில் நின்றான். திரையின் மூலையில் ஆட்டத்தின் நேரம் குறைந்துகொண்டிருந்தது. அப்பா அழுத்தவில்லை. பதில் வராமல் அழுத்துகிற மாதிரியும் தெரியவில்லை.

சிவப்பு விளக்கு இன்னும் வேகமாக மினுக்கியது.

தயாராக இருந்த பதில் இந்தக் கேள்விக்கானதல்ல.

பையிலிருந்து சார்ஜரை எடுத்தான். கட்டிலருகே குனிந்தான்.

குத்தினான் என்று சொல்ல முடியாது.