பார்க்க ஆளில்லாத வீடியோ

ஆள் இல்லாத சமையலறையில் மூன்று போன்கள் எதிர்ச்சுவரைப் பார்த்தபடி சாய்ந்து நின்றன. மூன்றிலும் ஏதோ வீடியோ, சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

பொறியாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மின்சார அலுவலகத்தில் அவருக்கு வேலையே, வருங்காலத்தில் இன்டர்நெட்டுக்கு எவ்வளவு கரண்ட் வேண்டியிருக்கும் என்று இப்போதே திட்டம் போடுவதுதான். பத்து வருஷத்துக்கு என்று அவர் போட்ட கணக்கை ஜனங்கள் இரண்டே வருஷத்தில் தின்று தீர்த்திருந்தார்கள்.

"ஏய், இங்க வா!"

காய்ந்த துணிகளோடு மனைவி ஓடிவந்தாள். "என்னங்க, வீடு இடிஞ்ச மாதிரி?"

"இதையெல்லாம் யாரு பார்க்கிறா? பல்லியா?"

"ஓடினா ஓடட்டும், விடுங்க."

"ஓடட்டுமா? இது ஓடறதுக்கு எங்கேயோ ஒரு கட்டடம் நிறைய கம்ப்யூட்டர் கொதிக்குது. அதைக் குளிர வைக்க ஏசி. அந்த ஏசிக்குக் கரண்ட். அதுக்கு ஒரு சப்ஸ்டேஷன் கேட்டு நான் பெரிய சார் வாசல்ல தவம் கிடக்கணும்! யார் போன் இதெல்லாம்?"

"ஒண்ணு என்னோடது. ஒண்ணு பொண்ணோடது. இன்னொண்ணு எங்க அண்ணன் கொடுத்த பழசு."

"மச்சானுமா கூட்டு?"

ஒன்றை வெடுக்கென்று எடுத்து அணைக்கப் போனார். திரையில் ஒரு வழுக்கைத் தலை, கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தது.

"இது... நான்தானே?"

அவரேதான். 'இன்டர்நெட்டின் மின்சாரப் பசி: இன்றே திட்டமிடுவோம்'. அலுவலகம் வெளியிட்ட அவருடைய பேச்சு.

மனைவி துணியை மடிப்பதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"ஒருத்தரும் பார்க்கலைன்னு முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு அலைஞ்சீங்க. ஜனங்களே கண்டுக்காத விஷயத்துக்குச் சப்ஸ்டேஷன் எதுக்குன்னு பெரிய சார் கேட்டுட்டாராம். சாப்பாடு இறங்கல உங்களுக்கு. அப்புறம் போன வாரம், 'ஜனங்க முழிச்சுக்கிட்டாங்கடி, என் பேச்சை விழுந்து விழுந்து பார்க்கிறாங்க'ன்னு குதிச்சுக்கிட்டே வந்தீங்க."

"ஆமா, அதுக்கென்ன?"

"அந்த ஜனங்க நாங்கதாங்க."

பொறியாளர் போனைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார்.

சட்டென்று பதறினார்.

"அடியே, பேட்டரி சிவப்புக்கு வந்துடுச்சு! சார்ஜர் எங்க?"