வண்டியின் முன்பக்கம்

மேயரின் தேர்தல் கூட்டத்தில் நான் இல்லை. ஒடெஸ்ஸாவின் மகள் என்னோடு வேலை பார்க்கிறாள். அவள் சொல்லித்தான் தெரியும்.

"உன் மேயர் லட்சணத்தைப் பாருக்கா," என்று ஒடெஸ்ஸா செல்போனை அக்கா வெர்டெலின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

தொண்ணூற்றாறில் எடுத்த படம். பிக்கப் வண்டிமேல் சாய்ந்து சிரிக்கிறான் வெள்ளைக்கார இளைஞன் ஹோய்ட் லெட்பெட்டர். வண்டியின் முன்பக்கத் தகட்டில் சிவப்புக் கொடி, நீலப் பெருக்கல் குறி, வெள்ளை நட்சத்திரங்கள். அடிமை முறையைக் காப்பாற்றச் சண்டை போட்ட படையின் கொடி.

அலபாமாவில் அரசாங்க நம்பர் பின்னால் இருந்தால் போதும். முன்னால் அவரவர் இஷ்டம். ஒருவர் கால்பந்து அணியை மாட்டுவார், இன்னொருவர் சர்ச் பெயரை. ஹோய்ட் மாட்டியது இதை.

"நீ இதைப் பார்த்திருக்கியா?"

"தினமும். டைனர் ஓட்டல்ல வேலை பார்த்தப்ப நான்தானே அவருக்குக் காபி ஊத்துவேன்."

"தெரிஞ்சுமா அவருக்காகப் பேசினே?"

"நம்ம தெருவுக்கு நாப்பது வருஷமா வராத சாக்கடைக் குழாயைக் கொண்டுவந்தது யாரு? உன் வீட்டுக்கும்தானே வந்துச்சு?"

"குழாயும் கொடியும் ஒண்ணாக்கா?"



அடுத்த வாரம் தேர்தல். ஹோய்ட்டின் நோட்டீஸில் வெர்டெல் படம் இருந்தது. கீழே, 'இவர் பொய் சொல்லமாட்டார். நான் பொறுப்பு' என்று அவள் பெயரோடு. ஊரில் அவளைப் போன்ற கறுப்பர்களில் பாதிப் பேர் அதை நம்பித்தான் இருந்தார்கள். இந்தப் படம் ஊரில் பரவியபின் வந்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை.

"நாளைக்குத் தேர்தல் கூட்டத்துல ஒரே ஒரு கேள்வி கேக்கப்போறேன்," என்றாள் வெர்டெல். "பதில் சரியில்லன்னா, நோட்டீஸ்ல இருந்து என் பேரை அங்கேயே எடுக்கச் சொல்லிடுவேன்."

மறுநாள் சாயங்காலம் தீயணைப்பு நிலையக் கூடத்தில் நாற்காலி போதவில்லை. சுவரோரமாகவும் நின்றார்கள். வெர்டெல் எழுந்தாள்.

"மேயர், அந்தத் தகடு இப்ப உங்க வண்டியில இல்ல. எப்படிப் போச்சு?"

ஹோய்ட் வாயைத் திறப்பதற்குள் அவருடைய மருமகன் ஓடிப்போய் ஒரு தாளைக் கையில் திணித்தான். ஹோய்ட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"கடவுள் என் மனசைத் தொட்டார். அந்தத் தகட்டை நானே என் கையால..."

வெர்டெல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

ஹோய்ட் நிறுத்தினார். தாளை மடித்தார்.

"இது என் மருமகன் எழுதினது. நல்லாத்தான் எழுதியிருக்கான். ஆனா அப்படி நடக்கல."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"நான் கழட்டல, மிஸ் வெர்டெல். யாரோ திருடிட்டாங்க. டைனர்ல சாப்பிட்டுட்டு வெளியே வந்தேன், தகட்டைக் காணோம். ஒரு வாரம் ஊரையே திட்டினேன். இன்னொண்ணு வாங்கவும் வாங்கினேன்."

"மாட்டினீங்களா?"

"மாட்டப் போனப்பதான் பார்த்தேன். திருடினவங்க ரெண்டு திருகாணியையும் திரும்ப அதே ஓட்டையில முறுக்கி வெச்சிருந்தாங்க. திருடன் அப்படிச் செய்யமாட்டான். அப்புறம்தான் தோணுச்சு. தினமும் வண்டியை டைனர் ஜன்னலைப் பார்த்து நிறுத்திட்டு, நான் மட்டும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உக்காருவேன். உள்ள வேலை பார்க்கறவங்க அந்தக் கொடியைப் பார்த்துக்கிட்டேதான் எனக்குச் சோறு போட்டாங்க. வாங்கினதை மாட்டல. அவ்வளவுதான். நானா திருந்தினேன்னு சொன்னா அது பொய். நான் செஞ்சது அசிங்கம். அதை இத்தனை வருஷமா வெளியே சொல்லல, அது இன்னும் அசிங்கம்."

 

"என் பேர் நோட்டீஸ்லயே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு வெர்டெல் உட்கார்ந்தாள்.

"அவ்வளவுதானா? மன்னிச்சாச்சா?" ஒடெஸ்ஸா காதைக் கடித்தாள்.

"மன்னிச்சேன்னு யாருடி சொன்னா? ஓட்டுப் போடுவேன். அது வேற."

"திருகாணி, ஜன்னல்னு அந்த ஆள் கதை விடறாரு. நீயும் நம்பறே."

"நம்பறேன்."

வெளியே வரும்போது சர்ச்சில் விலகி உட்கார்ந்தவர்களில் இரண்டு பேர் அவளுடன் பேசிக்கொண்டே வந்தார்கள். வீட்டுக்குப் போனதும் வெர்டெல் ஒரு தட்டு நிறைய சாப்பிட்டாள். வாரம் முழுக்க அவளுக்குச் சரியான சாப்பாடு இல்லை என்பது ஒடெஸ்ஸாவுக்கு அப்போதுதான் புரிந்தது.

ஹோய்ட் முப்பத்தோரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. போன மாதம் வெர்டெலை நேரில் பார்த்துக் கேட்டேன்: "எதை வெச்சு அவர் சொன்னதை நம்பினீங்க?"

உள்ளே போய் ஒரு பழைய துணிப் பொட்டலத்தைக் கொண்டுவந்து பிரித்தாள். சிவப்பு, நீலம், நட்சத்திரங்கள்.

"அவர் உள்ள சாப்பிட்டுக்கிட்டிருந்தப்ப, சமையல்கத்தி முனையாலதான் கழட்டினேன். கொடியைத்தான் பார்க்கப் பிடிக்கல. திருகாணி அவரோடது, எனக்கு எதுக்கு?" என்றாள். "கூட்டத்துக்கு என் கைப்பையில இதைக் கொண்டுபோயிருந்தேன். அந்தத் தாளை முழுசாப் படிச்சிருந்தாருன்னா, எடுத்து மேசைமேல வெச்சிருப்பேன்."

ஓர் அடி நீளத் தகடு கைப்பைக்குள் எப்படி என்று எனக்குச் சந்தேகம். பையை வாங்கி வைத்துப் பார்த்தேன். ஜிப்பும் மூடியது.