தட்டு விழுந்தா ஆட்டம்

'டமார்!'

ஃபாதர் மறுபடியும் தட்டைப் போட்டுவிட்டார்.

"ஆட்டம்! ஆட்டம்!" சாப்பாட்டுக் கூடமே எகிறியது.

இளைஞர் முகாமின் பழைய விதி அது. தட்டைக் கீழே போட்டவர் எல்லார் முன்னாலும் ஆட வேண்டும். ஃபாதர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குதித்த குதியில், பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

தையல்கார அக்காவுக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது.

"வேளா வேளைக்கு இதே கூத்து! நான் துடைச்சு முடிக்கிறதுக்குள்ள கோயில்ல ஆராதனை முடிஞ்சிடுது. கடையைப் பூட்டிட்டு இங்க சேவை பண்ண வந்ததே, ஆண்டவர் முன்னால நிம்மதியா கொஞ்ச நேரம் முட்டி போடலாம்னுதான்!"

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த வேன் டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "விடுங்கக்கா. நமக்கு வாய்ச்ச சாமியார் அப்படி!"

அக்கா துடைப்பத்தோடு போய் நேராகவே கேட்டாள். "ஏன் ஃபாதர், விளையாட்டுக்கும் ஒரு அளவு வேணாமா?"

ஃபாதர் தலையைச் சொறிந்தார். "என்ன பண்றது அக்கா, கை வழுக்கிடுது!"

முணுமுணுத்தபடியே துடைத்தாள். அவர் நாற்காலியடியில் சூப். பக்கத்து மேசையில், ரெட்டைச் சடைப் பெண்ணின் காலடியிலும் சூப்.

"எம்மாந்தூரம் தெறிச்சிருக்கு பாரு!"

கடைசி நாள் மதியம். யாரோ பாவமன்னிப்புக் கேட்கக் கூப்பிட்டார்கள் என்று ஃபாதர் எழுந்து போயிருந்தார். அக்கா கழுவிய தட்டுகளை அடுக்கி, நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குள் வந்தாள்.

ரெட்டைச் சடை தட்டை எடுத்தாள். அவள் கை வெடவெடவென்று நடுங்கியது. இன்னொரு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். நடுக்கம் நிற்கவில்லை. ஃபாதரின் காலி நாற்காலியைப் பார்த்தாள். முகம் செத்துவிட்டது.

அக்காவுக்குத் திக்கென்றது. அப்படியென்றால், அங்கே கிடந்த சூப் தெறித்து வந்தது இல்லையா? ஒவ்வொரு வேளையும் முதலில் விழுந்தது இவள் தட்டா?

'டங்!'

தட்டு விழுந்தேவிட்டது. ஒன்றிரண்டு தலைகள் அந்தப் பக்கம் திரும்பத் தொடங்கின.

அக்கா யோசிக்கவே இல்லை.

'டமடமடமார்!'

அத்தனை தட்டும் உருண்டோடியது. அத்தனை தலையும் அக்கா பக்கம் திரும்பியது.

"ஆட்டம்! ஆட்டம்!"

அக்கா ஆடினாள். தையல் மெஷினை மிதித்து மிதித்துப் பழகிய கால், சும்மா விடுமா? டிரைவர் அண்டாவில் தாளம் போட்டார். மேசைகள் அதிர்ந்தன. ரெட்டைச் சடைதான் எல்லாரையும்விடப் பலமாகக் கை தட்டினாள், நடுங்கும் கையோடு.

ஆராதனையில் தேட நினைத்த ஆண்டவர் பக்கத்திலேயே நின்று சிரிப்பதுபோல இருந்தது அக்காவுக்கு. அப்படியொரு சந்தோஷம்!

சத்தம் கேட்டு ஃபாதர் ஓடி வந்தார். "என்னக்கா ஆச்சு?"

மூச்சு வாங்க, அக்கா தலையைச் சொறிந்தாள்.

"என்ன பண்றது ஃபாதர், கை வழுக்கிடுச்சு!"