நூறு வாட்ஸ்

“இருபத்து மூவாயிரத்து அறுநூத்தம்பது ரூபா. இன்னிக்கே வேணும்ணே. சாக்குப்போக்கு சொல்லாதீங்க.”

பூவரசன் போனில் போட்ட கத்தலில், கடைக்குள் வயலின் பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள். மறுமுனையில் இருந்தவர் இன்னிசைக் குழு நடத்தும் முருகானந்தம். “அடுத்த கச்சேரி முடியட்டும்ப்பா” என்று நாலு வருஷமாகச் சொல்வதையே சொல்லி வைத்துவிட்டார்.

மண்ணச்சநல்லூர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கும் பூவரசனுக்கு அது முதுகு தேய்ந்து வந்த போனஸ் பணம். மேடைச் சத்தத்தை ஏற்றி இறக்கும் மிக்சர் வாங்கக் காசு குறைகிறது என்று முருகானந்தம் கேட்டார், கொடுத்தான். மறுவாரமே, “கிட்டார் வாசிப்பியாமே, நம்ம குழுவுக்கே வந்துரு” என்று கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார். அந்த நன்றிக்காகவே இவனும் கடனை அழுத்திக் கேட்டதில்லை.

இப்போது கழுத்துவரை வந்துவிட்டது. நாலு டிரம்பெட், ரெண்டு சாக்ஸபோன், டிரம்ஸ், கீபோர்டு என்று பதினாறு பேர் முழங்கும் மேடையில், இவன் காலடியில் இருக்கும் பதினைந்து வாட்ஸ் ஸ்பீக்கர் பெட்டி கிணற்றில் போட்ட கல். போன மாசம் திருவெறும்பூர்க் கச்சேரியை முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்த மனைவி கலைமதி வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்: “நீங்க வாசிச்சீங்களா, வயித்தச் சொறிஞ்சுகிட்டு நின்னீங்களா?”

நாளைக்கு ஸ்ரீரங்கத்தில் கலைமதியின் தம்பிக்குக் கல்யாண வரவேற்பு. இதே குழுதான் கச்சேரி. “மாமா ஆளு கணக்குக்குத்தான் மேடையில நிக்கிறாரு” என்று அந்த மச்சான் ஏற்கெனவே சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்து வைத்திருக்கிறான். நாளைக்கும் கிட்டார் சத்தம் கேட்கவில்லையென்றால் மாமனார் வீட்டுப் பக்கம் ஆயுசுக்கும் தலை நிமிர முடியாது.

“இது நாப்பது வாட்ஸ்” என்று கடைக்கார டோரதி அக்கா ஒரு பெட்டியைக் காட்டினார்.

பூவரசன் கிட்டாரை மாட்டி நாலு இழுப்பு இழுத்தான். “பத்தாதுக்கா. டிரம்பெட்டு விழுங்கிடும்.”

“அறுபது?”

“டிரம்ஸ் விழுங்கிடும்.”

“அண்ணே, மேடைக்கு இம்புட்டு எதுக்கு? உங்க சின்னப் பெட்டியே போதும். அதுலேருந்து மிக்சருக்கு ஒரு வயரு போகுதுல்ல? மிக்சர்காரர் ஏத்திவிட்டா ஊருக்கே கேக்கும்.”

“மிக்சர்ல நம்ம ஜைத் தம்பிதான். ஒவ்வொரு கச்சேரிக்கும் கேக்குறேன். ‘ஃபுல்லா வச்சிருக்கேண்ணே’ங்கிறான். ஃபுல்லா வச்சும் கேக்கலன்னா கோளாறு என் பெட்டியிலதான? நீங்க இருக்கிறதுலயே பெருசக் காட்டுங்க.”

இருப்பதிலேயே பெரியது கடைக்கோடியில் கிடந்தது. நூறு வாட்ஸ். நகர்த்த ஆள் கூப்பிடப் போன டோரதியைத் தடுத்து, பூவரசனே அதை மூட்டையைப் போல அலாக்காகத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தான். சத்தத் திருகை முழுசாகத் திருப்பி, ஒரு பாட்டையே வாசித்தான்.

அலமாரிக் கண்ணாடி கிடுகிடுத்தது. வயலின் பார்க்க வந்த அம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். டோரதி ஓடிவந்து சத்தத்தைக் குறைத்தார்.

“எப்படிக்கா?”

“கேக்கும்ணே. நல்லாவே கேக்கும்.” டோரதியின் முகம் ஒரு மாதிரி இருந்தது. விலையைக் குறைத்துக் கேட்டுவிடுவானோ என்று பயப்படுகிறார் போல, என்று நினைத்துக்கொண்டான்.

விலை இருபத்து நாலாயிரம். கடன் மட்டும் வந்துவிட்டால் கைக்காசு முந்நூற்றைம்பது போட்டால் போதும். எரிச்சலோடு மறுபடியும் முருகானந்தத்தைக் கூப்பிட்டான்.

“திரும்பவும் என்னப்பா?”

“நாளைக்கு மேடைக்குப் புதுப் பெட்டி பாத்துட்டேண்ணே. நூறு வாட்ஸு. உங்க மிக்சரும் வேணாம், ஜைத்தும் வேணாம். கடைசி வரிசை வரைக்கும் அதுவே தனியாக் கேக்கும். பணம் தரலன்னா இங்கயே தவணைக்காவது எடுத்துட்டுத்தான் வருவேன்.”

முருகானந்தத்தின் குரல் பதறியது.

“எந்தக் கடைல இருக்க? அங்கயே இரு. நான் வர்ற வரைக்கும் எதையும் எடுக்காத.”

ஒரு மணி நேரத்தில் பைக் வந்து நின்றது. முருகானந்தம் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் மூச்சு வாங்க உள்ளே வந்து, மடியிலிருந்து நோட்டுக்கட்டை எடுத்தார்.

“வீட்ல உள்ளவ வளையல அடகு வச்சிட்டு வரேன். எண்ணிக்க.”

பூவரசன் எண்ணினான். ஒரு ரூபாய் குறையவில்லை. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. மச்சான் முன்னால் தன் மானம் போகக்கூடாது என்று மனைவி வளையலையே வைத்துவிட்டு வந்திருக்கிறாரே! இந்த மனுஷனையா காலையில் அப்படிக் கத்தினோம்?

“கடன் தீந்துச்சா?”

“தீந்துச்சுண்ணே. சுத்தமாத் தீந்துச்சு.”

“அப்ப நாளைக்கு நீ மேடை ஏற வேணாம்ப்பா. கீழ உக்காந்து கல்யாணத்தப் பாரு.”

பூவரசனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “என்னண்ணே இது? நாளைக்குத்தானே நான் வாசிக்கிறது எல்லாருக்கும் கேக்கப்போவுது!”

முருகானந்தம் ஹெல்மெட்டைக் கழற்றி, முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அதுக்குப் பயந்துதானப்பா நாலு வருஷமா மிக்சர்ல உன் வயரையே சொருகல.”